29 ரூபாய்க்கு ஒரு பூட்டு!

மறைமலை நகரிலிருந்து ஒரு தம்பி லெட்டர் போட்டிருக்கார். கார் பார்ட்ஸ் செய்யும் கம்பெனியில் அப்ரென்டிஸ். ரூமில் ஆறு பேர், வண்டி நாலு, நாலும் டியூவில் எடுத்தது. 'அண்ணே, ஷோரூம்ல ஜி.பி.எஸ்.ஸும் திருட்டு அலாரமும் மாட்டிக்கோங்க, வருஷா வருஷம் இன்ஷூரன்ஸ் குறையும், போட்ட காசு வந்துடும்னு சொல்றாங்க. நெசமாவே குறையுமா? மாட்டலாமா, வேணாமா?'

குறையும் தம்பி. ஷோரூம்காரர் பொய் சொல்லலை. ஆனா எவ்வளவு குறையும்னு அவர்கிட்ட கேட்டுப் பாருங்க, மனுஷன் சட்டுனு கலர் செலக்ஷனுக்குத் தாவிடுவார். அவர் சொல்லாததை நாம கணக்குப் போட்டுடலாம்.

2002-ம் வருஷத்து இந்திய மோட்டார் டாரிஃப்னு ஒரு விதிப்புத்தகம் இருக்கு. வண்டி இன்ஷூரன்ஸுக்கு அதுதான் பாட்டன் காலத்து வாய்ப்பாடு. அது என்ன சொல்லுதுன்னா, புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. என்ற வாகன ஆராய்ச்சி நிறுவனம் ஓ.கே. பண்ணின திருட்டுத் தடுப்புக் கருவியாக இருக்கணும். அதை ஒழுங்காக மாட்டியிருக்குன்னு அங்கீகாரம் பெற்ற ஆட்டோமொபைல் அசோசியேஷன் ஒண்ணு சர்டிபிகேட் தரணும். நம்ம பக்கத்துக்கு அது தென்னிந்திய ஆட்டோமொபைல் அசோசியேஷன். ரெண்டும் இருந்தால் தள்ளுபடி 2.5 சதவிகிதம். அதிகபட்சம் 500 ரூபாய்.

500 ரூபாயா? பரவாயில்லையே! அப்படின்னு எழுந்திரிக்காதீங்க. உட்காருங்க.

அந்த 2.5 சதவிகிதம் நீங்க கட்டும் மொத்தப் பணத்துக்கும் கிடையாது. இன்ஷூரன்ஸ் ரசீதில் ரெண்டு பகுதி இருக்கும். ஒண்ணு தேர்ட் பார்ட்டி. உங்க வண்டியால் அடுத்தவருக்கு ஏதாவது ஆனால் அவருக்குப் போகும் பணம். இதை அரசாங்கம் நிர்ணயிக்குது. 2022 ஜூன் 1-ம் தேதி அமலுக்கு வந்த அறிவிப்புப்படி 75-லிருந்து 150 சி.சி. வரைக்கும் வருஷத்துக்கு 714 ரூபாய். இதில் நீங்க வண்டிக்கு அலாரம் மாட்டினாலும் சரி, அய்யனார் சிலையை வச்சாலும் சரி, ஒரு பைசா குறையாது. ரெண்டாவது பகுதி ஓ.டி. அதாவது ஓன் டேமேஜ். உங்க வண்டிக்கே அடிபட்டால், தீப்பிடித்தால், வெள்ளத்தில் போனால், திருடு போனால் வரும் பணம் இதிலிருந்துதான். தள்ளுபடியும் இந்தப் பகுதிக்கு மட்டும்தான்.

இப்போ ஒரு 125 சி.சி. வண்டியை எடுத்துக்குவோம். ஷோரூம் விலை 87,500. ஒரு வருஷம் தாண்டிடுச்சு, அதனால தேய்மானம் 20 சதவிகிதம் கழிச்சு, வண்டியோட மதிப்பு 70,000. இந்த மதிப்பைத்தான் ஐ.டி.வி.ன்னு பாலிசியில் போட்டிருப்பாங்க. செங்கல்பட்டில் பதிவான டிஎன் 19 வண்டிக்கு, 150 சி.சி. வரைக்கும், அஞ்சு வயசுக்குள் இருந்தால், டாரிஃப் வீதம் 1.676 சதவிகிதம். பெருக்கினால் ஓ.டி. பிரீமியம் 1,173 ரூபாய் 20 பைசா. அதில் 2.5 சதவிகிதம்...

29 ரூபாய் 33 பைசா!

வருஷத்துக்கு. மாசத்துக்கு இல்லை. சிங்கபெருமாள் கோயில் பஸ் ஸ்டாப்பில் ரெண்டு டீ, ஒரு வடை. ஜி.எஸ்.டி.யையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் 35 ரூபாய் மிச்சம், வடை ரெண்டாகும்.

இதுலயும் ஒரு ட்விஸ்ட். 2007 ஜனவரி 1-லிருந்து ஓ.டி. கட்டணத்தைக் கம்பெனிகளே முடிவு பண்ணிக்கலாம்னு விட்டுட்டாங்க. போட்டியில் அவங்க டாரிஃப் வீதத்திலேயே கணிசமாகக் குறைச்சுத் தர்றாங்க. பாதியாகக் குறைத்தால், அந்த 2.5 சதவிகிதம் 15 ரூபாயைத் தொடாது. வண்டிக்கு வயசாக ஆக ஐ.டி.வி. இறங்கும், தள்ளுபடியும் கூடவே இறங்கும்.

கருவிக்கு என்ன செலவு? சுமாரான ஜி.பி.எஸ். டிராக்கர் 2,500 ரூபாய்னு வச்சுக்குவோம் (சிம் கார்டு சந்தா தனி, அதைச் சொல்ல மறந்துடுவாங்க). 29 ரூபாய் 33 பைசா வீதம் போட்ட காசு திரும்ப 85 வருஷம் ஆகும். வண்டியை உங்க பேரன் ஓட்டிக்கிட்டு இருப்பான்.

இன்னொரு கூத்தும் உண்டு. வண்டியோட சேர்ந்து வராத, நீங்க தனியா வாங்கி மாட்டும் எலெக்ட்ரிக், எலெக்ட்ரானிக் சாமான்களுக்கு இன்ஷூரன்ஸ் வேணும்னால், அதன் விலையில் 4 சதவிகிதம் கூடுதல் பிரீமியம்னு அதே டாரிஃப் சொல்லுது. 2,500 ரூபாய் ஜி.பி.எஸ்.ஸுக்கு 100 ரூபாய். ஆக, திருட்டைத் தடுக்கும் கருவியை மாட்டினதுக்கு 29 ரூபாய் தள்ளுபடி. அந்தக் கருவியே திருடு போகாமலிருக்க 100 ரூபாய் கட்டணம்! அதையும் கட்டின பிறகு, வண்டியை விட்டுட்டு அந்த ஆக்சசரியை மட்டும் எவனாவது பிடுங்கிட்டுப் போனால் பணம் கிடைக்காது. வண்டியும் கூடவே போனால்தான் கிடைக்கும். டூ வீலர் பாலிசியில் அப்படித்தான் எழுதியிருக்கு. வடிவேலு சாருக்கு எழுதின வசனமான்னு சந்தேகமா இருந்தால், உங்க பாலிசியின் பொடி எழுத்தை லென்ஸ் வச்சுப் படிச்சுப் பாருங்க.

சிரிப்புக்காக இன்னும் ரெண்டு கணக்கு. சென்னை மாநகரில் பதிவான வண்டிக்கு வீதம் 1.708. நம்ம செங்கல்பட்டு வண்டிக்கு 1.676. அதே 70,000 ரூபாய் வண்டிக்கு, தாம்பரம் தாண்டி வந்து குடியேறின ஒரே காரணத்துக்காக உங்களுக்கு மிச்சம் 22 ரூபாய் 40 பைசா. எதையுமே மாட்டாமல்! ஆட்டோமொபைல் அசோசியேஷனில் மெம்பராக மட்டும் இருந்தால் டூ வீலருக்கு 5 சதவிகிதம், அதிகபட்சம் 50 ரூபாய் தள்ளுபடி. சர்டிபிகேட் வாங்கப் போன இடத்தில் கார்டு வாங்கினவருக்குக் கருவி மாட்டினவரைவிட அதிக லாபம். (மெம்பர்ஷிப் கட்டணத்தைக் கேட்டுட்டு அப்புறம் சந்தோஷப்படுங்க.)

ஒரகடத்திலேயே தயாராகும் 350 சி.சி. புல்லட் வகைக்குப் போனால்? ஐ.டி.வி. ஒரு லட்சத்து அறுபதாயிரம், வீதம் 1.760, தள்ளுபடி 70 ரூபாய் 40 பைசா. அந்த 500 ரூபாயை முழுசாகத் தொடணும்னால் சுமார் 10.85 லட்ச ரூபாய் வண்டி வேணும். அந்த வண்டி வச்சிருக்கிறவர் எனக்கு லெட்டர் போட மாட்டார்.

ஒரு ஆதங்கம். ஒரகடத்தில் அரசாங்கமே கட்டின பெரிய வாகனச் சோதனை மையம் இருக்கு. ராயல் என்ஃபீல்டு 2013-ல் ஒரகடத்துக்கு வந்துச்சு, யமஹா 2015-ல் வல்லம் வடகாலுக்கு வந்துச்சு. வண்டி நம்ம பசங்க கையால் உருவாகுது. ஆனா அதே பசங்க வண்டியில் மாட்டும் பூட்டு நல்ல பூட்டான்னு சொல்ல டாரிஃப்காரங்க புனேயைத்தான் கேட்கணும்னு 2002-ல் எழுதி வச்சுட்டாங்க.

சரி, அப்போ பூட்டு, அலாரம் எல்லாம் வேஸ்ட்டா? அப்படிச் சொன்னேனா? இன்ஷூரன்ஸ் தள்ளுபடிக்காக மாட்டுறது வேஸ்ட். வண்டிக்காக மாட்டுறது வேற கதை.

நம்ம ஏரியாவில் வண்டி எப்போ தனியா நிற்குதுன்னு யோசிச்சுப் பாருங்க. ஜி.எஸ்.டி. ரோடு ஓரம் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் காலையில் நிறுத்திட்டு, ஷிஃப்ட்டுக்குப் போறீங்க. பஸ் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர்னு போய்த் திரும்ப பத்து, பதினோரு மணி நேரம். அதுவரைக்கும் அந்த வண்டிக்கு நாதி கிடையாது. எத்தனை மணிக்குத் திரும்பி வருவீங்கன்னு டீக்கடையில் ஒரு வாரம் உட்கார்ந்தவனுக்குக்கூடத் தெரியும், ஏன்னா நீங்க யூனிஃபார்ம் போட்டிருக்கீங்க. நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து ரூம் வாசலில் நிறுத்திட்டு அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குறீங்க. அது ரெண்டாவது நேரம். பொத்தேரி, காட்டாங்குளத்தூர் பக்கம் காலேஜ் பசங்களுக்கு ஸ்டேஷன் வாசல், ஹாஸ்டல் சந்து. சனி, ஞாயிறு ஊருக்குப் போனால் ரெண்டு நாள் வண்டி அதே இடத்தில்.

இந்த மாதிரி நிற்கும் வண்டியை எடுக்கிறவன் பெரும்பாலும் பெரிய பிளான் போட்டு வர்றவன் இல்லை. வர்ற வழியில் எது சுலபமோ அதை எடுக்கிறான். இதற்கு ஒரு அருமையான ஆதாரம் இருக்கு. மேற்கு ஜெர்மனியில் 1980-ல் ஹெல்மெட் போடாமல் போனால் ஸ்பாட்டிலேயே ஃபைன்னு கொண்டுவந்தாங்க. தலை உடையாமலிருக்கக் கொண்டுவந்த சட்டம். ஆனா 1986 வாக்கில் பைக் திருட்டு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சரிஞ்சுபோச்சு! காரணம் சிம்பிள். திடீர்னு ஆசைப்பட்டு வண்டியைத் தள்ளுறவன் கையில் ஹெல்மெட் இருக்காது. ஹெல்மெட் இல்லாமல் ரோட்டில் ஏறினால் முதல் சிக்னலிலேயே போலீஸ் கை காட்டும். வேற வண்டி, வேற திருட்டுன்னும் அவங்க பெரிசா போகலை. இதே விஷயத்தை நம்ம சென்னையிலும் பார்த்திருக்காங்க. அமெரிக்காவில் குற்றவியல் பேராசிரியராக இருக்கும் மங்கை நடராஜனும், ரொனால்ட் கிளார்க் என்ற அறிஞரும் சேர்ந்து, மெட்ராஸில் ஹெல்மெட் சட்டம் பைக் திருட்டைக் குறைத்த கதையை 1994-ல் ஒரு ஆய்வுக் கட்டுரையாகவே எழுதினாங்க.

ஒரு ஹெல்மெட்டுக்கே இவ்வளவு பவர்னால், கண்ணில் படும் ஒரு பூட்டு என்ன செய்யும்னு நீங்களே சொல்லுங்க. அதனால்தான் முதல் செலவாக ஜி.பி.எஸ்.ஸை நான் சொல்ல மாட்டேன். அது உள்ளே ஒளிஞ்சிருக்கு, அவனுக்குத் தெரியாது. அவன் எடுத்துட்டுப் போன பிறகுதான் அதன் வேலையே ஆரம்பம். வண்டியோட வரும் சைடு லாக்கும் போதாது. எல்லா வண்டியிலும் அது இருக்கு, அதை எப்படிச் சமாளிக்கணும்னு தெரிஞ்சுதான் அவன் தொழிலுக்கே வந்திருக்கான். பளிச்சுனு மஞ்சளோ சிவப்போ தெரியும் டிஸ்க் லாக், இல்லைன்னால் கனமான செயின். இதுக்கு ஆகும் செலவு சில நூறிலிருந்து ஆயிரம் சொச்சம். முன்சக்கரத்தில் டிரம் பிரேக் உள்ள வண்டிக்கு டிஸ்க் லாக் போட இடமே இருக்காது, செயின்தான். செயினை வண்டியோட சக்கரத்துக்குள் மட்டும் சுத்திட்டுப் போகாதீங்க. ரெண்டு பேர் சேர்ந்தால் குட்டி யானையில் தூக்கிப் போட்டுக்கிட்டுப் போயிடலாம். ரூம் ஜன்னல் கம்பி, இரும்புத் தூண், எதுவும் இல்லையா, ரூம்மேட் வண்டியோட சேர்த்துக் கட்டுங்க. நாலு வண்டியை ஒரே செயினில் கோத்தால் தூக்குறதுக்குக் கிரேன் வேணும்.

டிஸ்க் லாக் போடுறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. பூட்டைப் போட்டதை மறந்து கிளப்பிட்டீங்கன்னால் வண்டி ஒரு முழம் கூடப் போகாது, நீங்க மட்டும் போவீங்க. அதுவும் ஆறு மணி ஷிஃப்ட்டுக்கு, தூக்கக் கலக்கத்தில். பூட்டிலிருந்து ஹேண்டில் பாருக்கு ஒரு கலர் ஒயர் கட்டி விடுங்க. பூட்டோடவே சில கம்பெனி கொடுக்கும்.

ஜி.பி.எஸ். மாட்டித்தான் ஆகணும்னு ஆசையா? மாட்டுங்க. ஆனா ரெண்டு விஷயம். ரோட்டோர எலெக்ட்ரீஷியன் அண்ணன்கிட்ட கொடுத்து ஒயரை வெட்டி ஒட்டினால், நாளைக்கு வாரன்டியில் ஏதாவது கேட்டுப் போகும்போது 'ஒயரிங்ல கை வச்சிருக்கீங்க'ன்னு சர்வீஸ் சென்டரில் கையை விரிச்சுடுவாங்க. பேட்டரியையும் அது சொட்டுச் சொட்டாக் குடிக்கும், பொங்கலுக்கு ஒரு வாரம் ஊருக்குப் போய்ட்டு வந்தால் செல்ஃப் எடுக்காது. இன்னொண்ணு, வண்டி காணாமப் போய் உங்க போன் மேப்பில் புள்ளி நகருதுன்னால், நாலு ஃப்ரெண்ட்ஸைக் கூட்டிக்கிட்டு சினிமா ஹீரோ மாதிரி விரட்டிப் போகாதீங்க. 112-க்கு அடிச்சு, ஸ்டேஷனில் மேப்பைக் காட்டுங்க. எதிரே நிற்கிறவன் கையில் என்ன இருக்குன்னு மேப் காட்டாது.

தம்பி லெட்டரில் கேட்காத கேள்வி ஒண்ணு இருக்கு. அதுதான் என்னைத் தூங்க விடலை. அந்த நாலு வண்டியில் எத்தனை வண்டிக்குத் திருட்டு இன்ஷூரன்ஸே இருக்கு?

'அஞ்சு வருஷத்துக்கு இன்ஷூரன்ஸ் போட்டாச்சுண்ணே!' இந்த வசனத்தை மறைமலை நகரிலிருந்து சுங்குவார்சத்திரம் வரைக்கும் எந்த டீக்கடையிலும் கேட்கலாம். இதற்கு ஒரு வரலாறு இருக்கு. கோயம்புத்தூர் கங்கா ஆஸ்பத்திரியின் எலும்பு மருத்துவர் டாக்டர் எஸ். ராஜசேகரன், சாலை விபத்துகளைப் பத்தி சுப்ரீம் கோர்ட்டில் ஒரு பொதுநல வழக்குப் போட்டார். ரோட்டில் ஓடும் வண்டிகளில் ஏகப்பட்டதுக்கு இன்ஷூரன்ஸே இல்லை, அடிபட்டவங்களுக்கு நஷ்ட ஈடு கிடைக்கலைங்கிற விஷயம் அதில் வந்தது. அந்த வழக்கில்தான் 2018-ல் கோர்ட் உத்தரவு போட்டது. 2018 செப்டம்பர் 1-லிருந்து புது டூ வீலர் வாங்கும்போதே அஞ்சு வருஷத்துக்குத் தேர்ட் பார்ட்டி கட்டாயம். நல்ல உத்தரவு, நியாயமான உத்தரவு. ஆனா அந்த அஞ்சு வருஷம் தேர்ட் பார்ட்டிக்கு மட்டும்தான்! ஓ.டி. பெரும்பாலும் முதல் ஒரு வருஷத்துக்குத்தான் போட்டுத் தருவாங்க. 2020 ஆகஸ்ட்டிலிருந்து அஞ்சு வருஷ ஓ.டி.யையும் சேர்த்து விற்கும் பேக்கேஜை ஒழுங்குமுறை ஆணையமே நிறுத்திடுச்சு. ரெண்டாவது வருஷம் நீங்களாகத்தான் ஓ.டி.யை மட்டும் தனியா எடுக்கணும். எடுக்கலாம், 2019 செப்டம்பரிலிருந்து அந்த வசதி இருக்கு.

பாலிசி பேப்பரில் 'அஞ்சு வருஷம்'னு பெரிசா தேதி போட்டிருக்கு. டிராஃபிக் போலீஸ் கேட்டாலும் ஆன்லைனில் 'இருக்கு'ன்னு காட்டும், ஃபைன் கிடையாது. யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க. ஒருநாள் சி ஷிஃப்ட் முடிஞ்சு பஸ்ஸை விட்டு இறங்கிப் பார்த்தால் வண்டி நிறுத்தின இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருக்கும். அப்போதான் கம்பெனிக்குப் போன் போட்டால் சொல்வாங்க, 'சார், உங்க ஓ.டி. போன வருஷமே முடிஞ்சிருச்சே.'

வண்டி போனாலும் டியூ போகாது. 24 மாச டியூவில் 13 மாசம் கட்டியிருக்கீங்கன்னால், இல்லாத வண்டிக்கு மீதி 11 மாசம் கட்டணும். நிறுத்தினால் சிபில் ஸ்கோரில் கறை. ஊரில் அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் ஃபைனான்ஸ்காரர் அங்கே போன் அடிப்பார். அப்ரென்டிஸ் சம்பளத்தில் ரூம் வாடகை, மெஸ், வீட்டுக்கு அனுப்பினது போக என்ன மிஞ்சும்னு உங்களுக்கே தெரியும்.

அந்த ரெண்டாவது வருஷ ஓ.டி.க்கு எவ்வளவு? மேலே பார்த்தோமே, டாரிஃப்படி 1,173, கம்பெனிக்காரங்க தள்ளுபடி போக அதைவிடக் கம்மி. முதல் வருஷம் எந்த க்ளெய்மும் பண்ணலைன்னால் நோ க்ளெய்ம் போனஸ் 20 சதவிகிதம் வேற. டாரிஃப் கணக்கில் அதுவே 234 ரூபாய். 29 ரூபாய்க்கு ஜி.பி.எஸ். தேடி அலையறதைவிட, கண்ணாடி கீறினதுக்கு க்ளெய்ம் பண்ணாமல் விட்டாலே எட்டு மடங்கு மிச்சம். அந்த போனஸ் வருஷா வருஷம் ஏறி 50 சதவிகிதம் வரைக்கும் போகும். ஆனா பாலிசி முடிஞ்சு 90 நாளுக்கு மேல் விட்டீங்கன்னால் பூஜ்யத்துக்கு வந்துடும். 2,500 ரூபாய் கையில் இருக்கா? முதலில் ஓ.டி. எடுங்க, மீதியில் பூட்டு வாங்குங்க, அப்புறமும் மிஞ்சினால் பிரியாணி.

ஓ.டி. எடுக்கும்போது ஏஜென்ட்டோ இணையதளமோ, 'ஐ.டி.வி.யைக் குறைச்சா பிரீமியம் குறையும்'னு ஆசை காட்டும். 70,000 வண்டியை 50,000-னு போட்டால் டாரிஃப்படி 335 ரூபாய் மிச்சம். வண்டி போனால் 20,000 ரூபாய் நஷ்டம். திருடு போனால் கிடைக்கிறது அந்த ஐ.டி.வி.தான், கட்டாயக் கழிவு 100 ரூபாய் போக. அதுவும் லோன் பாக்கி இருந்தால் முதலில் ஃபைனான்ஸுக்குப் போய், மிச்சம்தான் உங்க கைக்கு.

திருடு போச்சு, என்ன செய்யணும்? அன்னைக்கே, அந்த நேரமே ஸ்டேஷனுக்குப் போங்க. 'ரெண்டு நாள் தேடிப் பாருப்பா, ஃப்ரெண்ட் யாராவது எடுத்திருப்பான்' அப்படிம்பாங்க. இல்லைன்னால் புகாரை வாங்கிட்டு ஒரு சி.எஸ்.ஆர். சீட்டைக் கையில் கொடுப்பாங்க. சி.எஸ்.ஆர். என்பது 'புகார் வந்தது'ன்னு சொல்லும் ரசீது, அவ்வளவுதான். இன்ஷூரன்ஸுக்கு வேண்டியது எஃப்.ஐ.ஆர். மரியாதையா, விடாமக் கேட்டு வாங்குங்க, காப்பி இலவசம். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் அன்னைக்கே போன், ஈ-மெயில். அங்கே கொஞ்சம் லேட்டாயிட்டாலும் இடிஞ்சுபோய் உட்காராதீங்க. ஒருத்தர் டிராக்டர் திருடு போன அன்னைக்கே எஃப்.ஐ.ஆர். போட்டுட்டு, கம்பெனிக்கு 52 நாள் கழிச்சுத்தான் சொன்னார். கம்பெனி கை விரிச்சது. போலீஸுக்கு உடனே சொல்லியிருக்கும்போது கம்பெனிக்கு லேட்டாகச் சொன்னதை மட்டும் காரணம் காட்டி க்ளெய்மை மறுக்கக் கூடாதுன்னு 2020 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் மூணு நீதிபதி பெஞ்ச் சொல்லிடுச்சு. கேஸ் பேர் குர்ஷிந்தர் சிங், ஒரு துண்டுச் சீட்டில் குறிச்சு வச்சுக்கோங்க.

சாவியை வண்டியிலேயே விட்டுட்டு டீ குடிக்கப் போற பழக்கம் உள்ளவங்களுக்கும் ஒரு தீர்ப்பு இருக்கு. டிரைவர் சாவியை விட்டுட்டு இறங்கின நேரத்தில் லாரி களவு போன அசோக் குமார் கேஸில், 2023-ல் சுப்ரீம் கோர்ட் க்ளெய்மை மொத்தமாகத் தள்ளாமல் 75 சதவிகிதம் கொடுக்கச் சொன்னது. நல்லதுதான். ஆனா அவர் அதுக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போக வேண்டியிருந்தது. உங்களுக்கு லீவு கிடைக்குமா?

வெளி மாநிலத்திலிருந்து டெம்பரவரி நம்பரோட வண்டி கொண்டுவந்து ஹாஸ்டலில் நிறுத்தியிருக்கும் மாணவர்களே, இது உங்களுக்கு. ஜோத்பூரில் புது பொலிரோ ஒண்ணு களவு போனப்போ அதன் டெம்பரவரி ரெஜிஸ்ட்ரேஷன் காலாவதி ஆகியிருந்தது. இன்ஷூரன்ஸ் இருந்தும் பணம் கிடையாதுன்னு 2021-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு. நம்பர் பிளேட்டுக்கு ஆயிரம் ரூபாய் பூட்டு போட்டு என்ன பிரயோஜனம்?

அப்புறம் சாவி. க்ளெய்ம் போகும்போது ஒரிஜினல் சாவி ரெண்டையும் கேட்பாங்க. ஒண்ணுதான் இருக்குன்னால் 'இன்னொண்ணை யார்கிட்ட கொடுத்தீங்க?'ன்னு சர்வேயர் ஆரம்பிப்பார், இன்ஸ்பெக்டரைவிடக் கேள்வி கேட்பார். ரூமில் ஆறு பேர் இருக்கும் இடத்தில் ஸ்பேர் சாவி ஆணியில் தொங்கும், போன வருஷம் ரூமைக் காலி பண்ணிட்டுப் போன நண்பன் பையில் கிடக்கும். அதை இன்னைக்கே போன் போட்டு வாங்கி, ஊரில் அம்மாகிட்ட கொடுத்து வைங்க. பீரோவில் நகையோட வச்சுக்குவாங்க. கூடவே வண்டி போலீஸ் தேடியும் கிடைக்கலைங்கிற சர்டிபிகேட் வேணும், அதுக்கு மாசக்கணக்கு ஆகும். அதுவரைக்கும் டியூவைக் கட்டிக்கிட்டே இருக்கணும். ஸ்டேஷன் ஸ்டாண்டில் நிறுத்திக் காணாமப் போயிருந்தால் அந்த டோக்கன் சீட்டைப் பத்திரப்படுத்துங்க. வண்டி எங்கே, எத்தனை மணிக்கு நின்னுச்சுங்கிறதுக்கு அதுதான் சாட்சி.

ரூமில் இருக்கும் மூணாவது வண்டி சீனியர்கிட்ட வாங்கின செகண்ட் ஹேண்டாம், ஆர்.சி. இன்னும் அவர் பேரிலேயே இருக்காம். லெட்டரின் ஓரத்தில் பேனாவில் எழுதியிருக்கார் தம்பி. வண்டி கை மாறின 14 நாளுக்குள் இன்ஷூரன்ஸை உங்க பேருக்கு மாத்தச் சொல்லிக் கம்பெனியில் எழுதிக் கொடுக்கணும். தேர்ட் பார்ட்டி தானாகவே வண்டியோட வரும், ஓ.டி. வராது. சீனியர் போன் நம்பர் இருக்கா? திங்கட்கிழமை அவரைக் கூட்டிக்கிட்டு முதலில் ஆர்.டி.ஓ. ஆபீஸ் போங்க. பூட்டு வாங்க சாயங்காலம் போகலாம்.